காசநோய் சிகிச்சையில் இடைநிற்றல்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறையின் உயர் அலுவலர்களுக்கும், மாவட்டங்களில் காசநோய்ப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் துணை இயக்குநர்களுக்கும், நேற்றுவரை நான் பார்த்த வேலையை இன்று பார்த்துக்கொண்டிருக்கும் களப்பணியாளர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். காசநோய்த் திட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வீடு வீடாக நடந்து ஓய்வு பெற்றவள் நான். வாரத்தில் மூன்று நாள் மட்டும் மருந்து கொடுத்த காலத்தில் பணியில் சேர்ந்தேன். அன்றாடம் மருந்து என்று முறை மாறியதையும், திட்டத்தின் பெயர் மாறியதையும், சளியை நுண்ணோக்கியில் பார்த்த இடங்களில் கிருமியின் மரபணுவைக் கண்டறியும் ட்ரூநாட் கருவி வந்ததையும் பணியில் இருந்தபடியே கண்டேன். மாறாமல் நின்ற ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. மருந்தைத் தொடங்கியவர்களில் ஒரு பகுதியினர் அதை முடிக்காமல் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் ஏன் நின்றார்கள் என்பதை நாம் அவர்களிடம் உண்மையாகக் கேட்டதே இல்லை.

கேட்டதற்கான பதிவுகள் இருக்கின்றனவே என்று நீங்கள் சொல்லலாம். அந்தப் பதிவுகளை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. 'ஒத்துழைப்பு இல்லை', 'குடிப்பழக்கம்', 'வெளியூர் சென்றுவிட்டார்' என்ற மூன்று சொற்றொடர்களைக் கொண்டே பல ஆண்டுகளின் குறிப்புப் பத்தியை நிரப்பியிருக்கிறேன். வெளியூர் சென்றவர் எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு, யாருடன் சென்றார், போகும்போது கையில் எத்தனை நாள் மாத்திரை இருந்தது என்பது அந்தப் பத்தியில் இருக்காது. நாங்கள் பணியில் சேர்ந்த காலத்தில் இவர்களுக்கு 'டிஃபால்ட்டர்' என்று பெயர்; வங்கியில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டாதவரைக் குறிக்கும் அதே சொல். பிறகு உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட்டது, நம் படிவங்களிலும் அது மாறியது. ஆனால் அலுவலகத்தில் தொலைபேசியில் பேசும்போது இன்றும் அந்தப் பழைய சொல்தான் வாயில் வருகிறது. தமிழில் நமக்கு வேறொரு நல்ல சொல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளையை இடைநின்ற பிள்ளை என்கிறோம். அந்தச் சொல்லில் குற்றச்சாட்டு இல்லை. ஏதோ ஒன்று குறுக்கே வந்து நிறுத்தியிருக்கிறது என்ற புரிதல் அதற்குள்ளேயே இருக்கிறது. இந்த மடல் முழுவதும் நான் இடைநிற்றல் என்றே எழுதுவேன்.

மருந்துக்கு எளிதில் கட்டுப்படும் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், 56 நாள் அளவு. அடுத்த 4 மாதம் மூன்று மருந்துகள், 112 நாள் அளவு. மொத்தம் 168 நாள். இதில் இயற்கையே வைத்திருக்கும் ஒரு சங்கடம் உண்டு. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் செத்துவிடுகின்றன. காய்ச்சல் நிற்கிறது, இருமல் அடங்குகிறது, பசி எடுக்கிறது. எஞ்சியிருப்பவை உறங்குவதுபோல் மெல்ல இயங்கும் கிருமிகள். அவற்றை அழிப்பதற்குத்தான் மீதி மாதங்கள் தேவைப்படுகின்றன. ஆக, நோயாளிக்கு நோய் போய்விட்டது என்று தோன்றும் நாளும் நோய் உண்மையில் போகும் நாளும் வெவ்வேறு. இரண்டுக்கும் இடையில் நான்கு மாதங்கள் கிடக்கின்றன. உடம்பு சொல்வதை நம்பி வாழ்கிற மனிதரிடம், உன் உடம்பு சொல்வதை நம்பாதே, நான் சொல்வதை நம்பு என்று கேட்கிறோம். இது சிறிய வேண்டுகோள் இல்லை. இதற்கான விளக்கத்தை நாம் எப்போது கொடுக்கிறோம் என்றால், நோய் உறுதியான முதல் நாளில், அந்தச் செய்தியின் அதிர்ச்சியில் எதுவும் காதில் விழாத நேரத்தில், எங்கே துப்ப வேண்டும், எப்போது சளி கொடுக்க வேண்டும், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் எங்கே என்ற பேச்சுகளுக்கு நடுவே கொடுக்கிறோம். அந்த விளக்கம் உண்மையில் தேவைப்படுகிற இரண்டாம் மாத முடிவில், சளிப் பரிசோதனையில் 'கிருமி இல்லை' என்று வந்த தாளை நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். கிருமி இல்லை என்று அரசே எழுதிக் கொடுத்த பிறகு ஒருவர் மாத்திரையை நிறுத்தினால், அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

நின்றவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தால் நிற்பதில்லை. எந்த வாரத்தில் நின்றார்கள் என்பதைப் பார்த்தாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும் என்பது என் அனுபவம். முதல் மூன்று வாரங்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் மருந்தின் கடுமையைத் தாங்க முடியாதவர்கள். உடல் எடையைப் பொறுத்து ஒரே வேளையில் மூன்று, நான்கு மாத்திரைகள். அதுவும் பெரிய மாத்திரைகள். குமட்டல், வாந்தி, மூட்டு வலி, கால் எரிச்சல். "மாத்திரை ரொம்பச் சூடும்மா, வயிறு எரியுது" என்று சொல்லாத நோயாளியை நான் பார்த்ததில்லை. சூடு என்ற அந்தச் சொல்லை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வெறும் வயிற்றில் மருந்து போடச் சொல்கிறோம். அந்த வயிறு முந்தைய இரவிலிருந்தே வெறுமையாக இருந்தது என்பதைக் கேட்பதில்லை. சூடு என்று அவர் சொல்வது பல நேரங்களில் பசியும் மருந்தும் சேர்ந்து செய்கிற வேலை. சில நேரங்களில் அது கல்லீரல் பாதிப்பின் தொடக்கமாகவும் இருக்கும். அதனால் அந்தப் புகாரைக் கேட்டுவிட்டு மோர் குடி என்று அனுப்புவதும் ஆபத்து. கண் மஞ்சளாக இருக்கிறதா, சோறு கண்டாலே குமட்டுகிறதா என்று கேட்டு மருத்துவரிடம் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் சில நாள் மருந்தை நிறுத்திவைத்து, மருத்துவர் சொன்னபடி மீண்டும் தொடங்கி, முழுதாக முடித்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்காமல் விட்டவர்கள் தாமாகவே நிறுத்தினார்கள், திரும்பி வரவில்லை.

சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பற்றி ஒரு சொல். ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது. தீங்கு எதுவும் இல்லை. முதல் நாளே சொல்லிவிட்டால் இரண்டு நிமிட வேலை. சொல்லாமல் விட்டதால் இரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. இதைவிடச் சிக்கலானது இன்னொன்று. கூட்டுக் குடும்பத்தில் புதிதாக வாழப் போன ஒரு பெண், வீட்டில் யாருக்கும் நோயைச் சொல்லாமல் மாத்திரையை அரிசிப் பானைக்குள் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வியர்வையிலும் அந்த நிறம் வரும் என்பதையும், வெள்ளைத் துணியில் அது கறையாகத் தெரியும் என்பதையும் நான் சொல்லவில்லை. மாமியார் துணி துவைக்கும்போது கேட்டார். அந்தப் பெண் மறுநாளிலிருந்து மாத்திரை போடவில்லை. மூன்று மாதம் கழித்துத் தாய்வீட்டில்தான் அவளை மறுபடி பார்த்தேன், முதல் முறை பார்த்ததைவிட மோசமான நிலையில்.

இரண்டாம் மாதம் கடந்ததும் வருவது வேலை. நோயில் விழுந்து இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் கிடந்தவருக்கு, உடம்பு கொஞ்சம் தேறியதும் முதலில் நினைவுக்கு வருவது வட்டிக்கு வாங்கிய கடன். மேஸ்திரியின் செட்டு காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுவிடும். நம் மருந்தகம் திறக்கும்போது அவர் சாரத்தின் மேல் நிற்பார். மாத்திரை இலவசம் என்று நாம் எழுதி ஒட்டியிருக்கிறோம். அவரைப் பொறுத்தவரை அந்த மாத்திரையின் விலை ஒரு நாள் கூலி. மாதத்துக்கு ஒரு முறை ஒரு நாள் கூலியை இழப்பதா என்று அவர் கணக்குப் பார்ப்பதைப் பொறுப்பின்மை என்று எழுத என் கை இப்போது ஒப்பவில்லை.

இடம்பெயர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் இழந்தவர்களில் அதிகம் பேர் இந்த வழியில்தான் போனார்கள். செங்கல் சூளையின் வேலைக்காலம் மழை முடிந்து தொடங்கி அடுத்த மழைக்கு முன் முடிகிற ஐந்தாறு மாதம். சிகிச்சைக் காலமும் ஆறு மாதம். சூளையில் இருக்கும்போது நோய் கண்டறியப்பட்டவர் பாதி மருந்தில் ஊர் திரும்புகிறார். ஊரில் கண்டறியப்பட்டவர் பாதி மருந்தில் சூளைக்குப் போகிறார். முன்பணம் வாங்கியிருப்பதால், வண்டி வந்து நிற்கும் நாளை முடிவு செய்பவர் அவரில்லை. கரும்பு வெட்டப் போகிறவர்களுக்கும், ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் குடகுக்கும் கேரளத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கும், வடமாநிலங்களிலிருந்து திருப்பூருக்கு வந்து பின்னலாடை ஆலைகளில் வேலை செய்துவிட்டுத் திருவிழாவுக்கு ஊர் போகிறவர்களுக்கும் இதுவே கதை. காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் ஒரு நோயாளியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கும், வேறு மாநிலத்துக்கும் மாற்றிவிட வசதி இருக்கிறது. அது நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெயர் மாறிவிடுவதால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பொருளாகாது. அங்கே எந்த ஆரம்ப சுகாதார நிலையம் அருகில் இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும், அவருக்குத் தமிழ் தெரியுமா, இங்கே வந்தவருக்கு ஒடியாவிலோ இந்தியிலோ சொல்ல ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் திரையில் தெரிவதில்லை. போகிறவர் நம்மிடம் சொல்லிவிட்டுப் போவதும் இல்லை. சொன்னால் திட்டுவோம், போகாதே என்போம் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள்தான்.

மதுவைப் பற்றிப் பேசும்போது என் தவறு ஒன்றை எழுதிவைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். "குடிச்சா மாத்திரை போடக் கூடாது" என்று பல ஆண்டுகள் நோயாளிகளிடம் சொல்லிவந்தேன். கல்லீரலைக் காப்பதற்கான எச்சரிக்கை அது, எனக்கு மேலே இருந்தவர்களும் சொன்னது. குடியை நிறுத்திவிடு என்பதே அந்தச் சொல்லின் நோக்கம். கேட்டவர்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள் என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. குடித்த நாளில் மாத்திரையைத் தவிர்த்தார்கள். குடிக்கிற நாட்கள் அதிகமானபோது மாத்திரை போடாத நாட்கள் அதிகமாயின. கடைசியில் இரண்டில் ஒன்றைத்தான் விட முடியும் என்றானபோது விட எளிதாக இருந்ததை விட்டார்கள். சுமை தூக்கும் ஒருவர் என்னிடம், "நீங்கதானேம்மா சொன்னீங்க, ரெண்டும் சேரக் கூடாதுன்னு" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. குடிக்கு அடிமையாவது ஒரு நோய், அதற்கும் சிகிச்சை உண்டு. காசநோய் மருந்து தரும் இடத்திலேயே அதற்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இவர்களில் பலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நம்புகிறேன். மனநல மருத்துவரைப் பார்க்க மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுப்பது அவர்களைப் பொறுத்தவரை எதுவும் செய்யாததற்குச் சமம்.

பெண்கள் நிற்பதில் நமக்கு இருக்கும் பங்கு இன்னும் நேரடியானது. என் வண்டி ஒரு தெருவுக்குள் நுழைந்தாலே எந்த வீட்டில் டிபி என்று தெரு பேச ஆரம்பிக்கும். சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் வாசலில், முந்தைய மாதம் மாத்திரை வாங்க வராததை விசாரிக்க நான் போய் நின்றேன். அந்தப் பெண்ணின் அம்மா என்னைக் கைகூப்பி வெளியே அனுப்பினார். எங்களுடைய அக்கறை ஒருவரைச் சிகிச்சையிலிருந்து துரத்தவும் செய்யும் என்பதை அந்த வாசலில் கற்றேன். அதன் பிறகு பெண்களிடம் முதல் நாளே கேட்கத் தொடங்கினேன்: நான் வீட்டுக்கு வரலாமா, வேறு எங்கே பார்க்கலாம், எந்த எண்ணுக்கு அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லிக்கொள்ளட்டும் என்று. ரேஷன் கடை வரிசையில் நின்றபடி மாத்திரை கைமாற்றியிருக்கிறேன். அப்படி இடம் குறித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் முடித்தார்கள்.

நோயாளி நிற்காமல் நாம் நிறுத்திய சந்தர்ப்பங்களையும் மறைக்கக் கூடாது. வாரம் மூன்று நாள் மருந்துக் காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி வரும். புதிய நோயாளிக்குச் சிவப்புப் பெட்டி. அதன் மேல் அவர் பெயரை எழுதிவைப்போம். முழுச் சிகிச்சைக்குமான மருந்து அதற்குள் இருக்கும், வேறு யாருக்கும் அதை எடுத்துக் கொடுக்க மாட்டோம். அது வெறும் அட்டைப்பெட்டி என்று நான் நினைத்ததில்லை. உன் மருந்து உனக்காக இருக்கிறது என்று அரசு எழுதிக் கொடுத்த உறுதி அது. அன்றாட மருந்து முறை 2017-இல் நாடெங்கும் வந்தபோது, மருத்துவ அறிவின்படி அது சரியான மாற்றம். ஆனால் அந்தப் பெட்டி போய்விட்டது. 2024-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் பல மாநிலங்களில் மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்து, மாநிலங்களே வாங்கிக்கொள்ளும்படி மத்திய அரசு சொல்ல வேண்டியிருந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு நாளும் தவறக் கூடாது என்று மூன்று மாதமாகச் சொல்லிவந்த ஒருவரிடம், இந்த வாரம் இவ்வளவுதான் இருக்கிறது, அடுத்த வாரம் வா என்று சொன்னால், ஒரு நாளும் தவறக் கூடாது என்பது உண்மையில்லை என்று அவர் முடிவு செய்துகொள்கிறார். அதன் பிறகு நம் சொல்லுக்கு மதிப்பில்லை.

உணவு பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்ததில் அவர்களுக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பு வெகுவாகக் குறைந்ததையும் காட்டியது. 2018 ஏப்ரலிலிருந்து கொடுத்த மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்ததை மனமார வரவேற்கிறேன். ஆனால் வங்கிக் கணக்கு இல்லாதவர், கணக்கும் ஆதாரும் இணையாதவர், பல மாதம் இயங்காமல் கணக்கு முடங்கிப்போனவர் ஆகியோருக்குத்தான் அந்தப் பணம் தாமதமாகிறது. அவர்கள்தான் இடைநிற்கவும் வாய்ப்புள்ளவர்கள். மருந்து முடிந்த பிறகு வரும் ஊட்டச்சத்துப் பணத்தால் யாருக்கும் ஊட்டம் சேர்வதில்லை.

இவ்வளவையும் சொல்வதற்கு நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் படுக்கவைத்துச் சிகிச்சை பெற்றவர்களையும், நெரிசலான குடிசையில் குறைந்த உணவோடு வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டு, மருந்து ஒழுங்காக உள்ளே போனால் வீடே போதும் என்று 1959-இல் உலகுக்குச் சொன்னது. உலகமெங்கும் காசநோய் மருத்துவமனைகளின் காலத்தை முடித்துவைத்தது அந்த ஆய்வுதான். வீட்டில் கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுவார்களா என்ற கேள்வியும் அங்கேயே எழுந்தது. கண்முன்னே மருந்தை விழுங்கவைக்கும் முறையின் வேர்களில் ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. பிற்பாடு அந்த முறை உலகத் திட்டமாகி, டாட்ஸ் என்ற பெயரில் நம்மிடமே திரும்பி வந்தது. அதைக் கொண்டு எத்தனையோ உயிர்களைக் காத்தோம். ஆனால் கண்காணிப்பு மட்டும் போதுமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது: பல நாடுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கண்முன்னே விழுங்கவைப்பதால் மட்டும் குணமாவோர் எண்ணிக்கை பெரிதாகக் கூடிவிடுவதில்லை என்று கண்டது. தவறவிட்ட மாத்திரையைக் கண்டுபிடிக்கக் கண்காணிப்பு உதவும். தவறியதற்கான காரணத்தை நீக்க அதனால் முடியாது.

அதே 1956-இல்தான் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்டபோது, பிள்ளைக்குப் பொறுப்பில்லை என்றோ பெற்றோருக்கு அறிவில்லை என்றோ இந்த மாநிலம் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. பசி என்று பதில் வந்தது, சோறு போட்டது. பிறகு சத்துணவு வந்தது, பேருந்து அட்டை வந்தது, மிதிவண்டி வந்தது, 2022-இல் காலை உணவும் வந்தது. ஒவ்வொன்றும் ஓர் இடைநிற்றல் காரணத்துக்குக் கிடைத்த விடை. அப்படி யோசிக்கத் தெரிந்த அரசு, மாத்திரையைப் பாதியில் விட்டவரிடம் மட்டும் ஏன் ஒழுக்கம் பேசுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

என் வேண்டுகோளுக்கு முன்மாதிரியும் உங்கள் கையில்தான் இருக்கிறது. 2022-இல் நீங்கள் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியானதும் சில எளிய சோதனைகளை வைத்தது: உடல் மிக மெலிந்திருக்கிறாரா, மூச்சு வாங்குகிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. பெரிய கருவி எதுவும் வேண்டாம். எங்களைப் போன்ற களப்பணியாளர்களே பார்த்துவிடலாம். ஆபத்தில் இருப்பவர் அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். இறப்பதற்கு முன்பே இறக்கக்கூடியவரைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டிய திட்டம் அது. நிற்பதற்கு முன்பே நிற்கக்கூடியவரையும் அதே போலக் கண்டுபிடிக்கலாம் என்பதே இந்த மடலில் நான் சொல்ல வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் எங்கெங்கே இருப்பீர்கள், காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் புறப்படுவீர்கள், வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது, குடிப்பழக்கம் உண்டா, இதற்கு முன் இந்த மருந்தைச் சாப்பிட்டு நிறுத்தியிருக்கிறீர்களா, நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள். பத்து நிமிடம் போதும். ஆனால் பதில்களுக்கு ஏற்ப ஏதாவது செய்ய முடியும் என்ற அதிகாரம் கேட்பவரிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு படிவமாகிவிடும்.

அதிகாரம் என்று நான் சொல்வது பெரிதாக ஒன்றுமில்லை. வெளியூர் போகிறேன் என்பவருக்கு இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கவும், போகிற ஊரில் இருக்கும் களப்பணியாளரை அவர் முன்னிலையிலேயே தொலைபேசியில் அழைத்துப் பேசவைக்கவும் அனுமதி. காலை ஆறு மணிக்குப் போகிறவருக்கு மாலையில் மருந்து கிடைக்க வழி. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. விரும்புகிற காசநோயாளிக்கு அதே பையில் அவருடைய மாத்திரையும் போகலாம், தெருவுக்கும் எது எந்த மாத்திரை என்று தெரியாது. இரண்டாம் மாத முடிவில் 'கிருமி இல்லை' என்ற தாளோடு ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்து பேச ஓர் ஆள். இந்தக் கடைசி ஒன்றை மட்டும் செய்ய முடிந்தாலும் அதை முதலில் செய்யுங்கள் என்பேன்.

நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் அப்படித் திரும்பியவருக்கு நீலப் பெட்டி கொடுத்தோம். எட்டு மாதச் சிகிச்சை, அதில் முதல் இரண்டு மாதம் ஊசியும் சேர்த்து. மருத்துவக் காரணம் எதுவாக இருந்தாலும், வாங்கியவர்கள் அதைத் தண்டனை என்றே புரிந்துகொண்டார்கள். ஊசி இருக்கும் என்று தெரிந்து திரும்பாமலே இருந்துவிட்டவர்களும் உண்டு. அந்த முறை இப்போது இல்லை. மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத காசநோய்க்கும் முன்பு ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுத்த சிகிச்சையை ஆறு மாதத்தில் முடிக்கும் புதிய மருந்துக் கூட்டுக்கு 2024-இல் அனுமதி கிடைத்திருக்கிறது. மருந்து இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கும்போது நம் பேச்சு மட்டும் நீலப் பெட்டிக் காலத்திலேயே நிற்கிறது. திரும்பி வந்தவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி "ஏன் நிறுத்தின?" என்பது, அதுவும் மற்ற நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது, உரத்த குரலில். தன் தந்தை வயதுள்ளவரை அப்படி ஒருமையில் கேட்ட இளம் ஊழியரை நான் கண்டித்திருக்கிறேன். ஆனால் அவருடைய வயதில் நானும் அப்படித்தான் கேட்டேன் என்பது நினைவிருந்ததால் அதிகம் கண்டிக்க முடியவில்லை. மூச்சு வாங்க, வெட்கத்தோடு, திட்டு வாங்கத் தயாராக ஒருவர் மறுபடி நம் வாசலுக்கு வந்திருக்கிறார். அவரை முதலில் உட்காரச் சொல்ல வேண்டும், சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும், உடனே சளிப் பரிசோதனைக்கு அனுப்பி மருந்துக்கு எதிர்ப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏன் நின்றீர்கள் என்பதை அதன் பிறகு, தனியாக, பதிலுக்காகக் காத்திருந்து கேட்கலாம்.

பணியில் இருந்த கடைசிச் சில ஆண்டுகளில், இடைநின்றவர்கள் சொன்ன காரணங்களை அவர்கள் சொன்ன சொல்லிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். அதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். அதிலிருந்து விழுக்காடு எதுவும் கணக்கிட முடியாது. பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, எந்த வாரத்தில் நின்றார், என்ன சொன்னார், பிறகு திரும்பினாரா என்பவற்றை மட்டும் தனியே படியெடுத்து வைத்திருக்கிறேன். முதல் நாள் கேட்க வேண்டிய கேள்விகளை நீங்கள் வடிவமைக்க முன்வந்தால் அதைத் துறையிடம் ஒப்படைக்க விரும்புகிறேன். புதிதாகச் சேரும் களப்பணியாளர்களுக்கு ஒரு நாள் அதைப் படித்துக்காட்டவும், எந்தெந்த இடத்தில் நான் தவறாகக் கேட்டேன் என்று சொல்லவும், எந்த மாவட்டத்துக்கு அழைத்தாலும் என் செலவில் வருவேன்.

இப்படிக்கு,
காசநோய்த் திட்டத்தின் ஓய்வுபெற்ற களப்பணியாளர்